சிகாகோவின் முதல் வார்டு: ஒரு குற்றக் கும்பலைப் பேணி வளர்த்த தேர்தல் அரசியல்

சிகாகோ நகரமன்றக் கட்டடத்துக்கு எதிரே, லாசால் தெருவில், 'கவுன்சிலர்ஸ் ரோ' என்ற உணவகம் ஒன்று இருந்தது. அதன் முதல் மேசையில் கண்டவர்கள் உட்கார முடியாது. அது முதல் வார்டு ஜனநாயகக் கட்சிக்காரர்களுக்கென்றே ஒதுக்கப்பட்ட இடம். வழக்கறிஞர்கள், ஒப்பந்தக்காரர்கள், பதவி உயர்வு வேண்டிய காவல் அதிகாரிகள், நீதிபதியாக விரும்பியவர்கள் எல்லோரும் அந்த மேசையைத் தேடி வந்தார்கள். அங்கே அமர்ந்திருந்த பாட் மார்சி, வார்டுக் கட்சியின் செயலாளர். மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த எந்தப் பதவியிலும் அவர் இல்லை. ஆனால் எந்த வழக்கு எந்த நீதிபதியிடம் போக வேண்டும், அதற்கு என்ன விலை என்பது அவர் சொல்லில் இருந்தது. 1989இல், மேசை துடைக்கும் பணியாளர் ஒருவர் அருகில் மறைத்து வைக்கப்பட்டிருந்த கேமரா ஒன்றைக் கண்டெடுத்தார். எஃப்.பி.ஐ. வைத்த கேமரா அது.

சிகாகோவின் குற்ற வரலாறு என்றவுடன் நம்மில் பெரும்பாலோர் அல் கபோனை நினைக்கிறோம். கபோன் சிகாகோ கும்பலின் தலைவராக இருந்தது 1925 முதல் 1931 வரை, ஏறத்தாழ ஆறு ஆண்டுகள்தான். அவருக்கு முன்பே அரை நூற்றாண்டு வளர்ச்சி இருந்தது. அவர் சிறைக்குப் போன பிறகும் எழுபது ஆண்டுகளுக்கு மேல் கும்பல் நீடித்தது. இத்தனை காலம் அது எதன் மேல் நின்றது என்று கேட்டால், என் பதில் ஒன்றுதான்: வார்டு அரசியல். வாக்கு, காவலர், அரசு வழக்கறிஞர், நீதிபதி என்ற நான்கையும் விலை பேசி வாங்க முடிந்த வரையில் கும்பலை யாராலும் அசைக்க முடியவில்லை. அந்த வணிகத்தின் கடைவீதி முதல் வார்டு.

முதல் வார்டு ஏன் அப்படி ஆனது என்பதற்கு அதன் நில அமைப்பைப் பார்க்க வேண்டும். நகரத்தின் வணிக மையமான 'லூப்' பகுதி முழுவதும் அதற்குள் இருந்தது. வங்கிகள், பெரிய கடைகள், ரயில் நிலையங்கள், நகரமன்றம் எல்லாம் அங்கேதான். கோடிக்கணக்கான டாலர் புழங்கும் நிலம். ஆனால் அங்கே குடும்பமாக நிலைத்து வாழ்ந்தவர்கள் குறைவு. வேலை தேடி வந்து மலிவு விடுதிகளில் படுத்துறங்கிய தனி ஆண்கள்தாம் வாக்காளர்களில் பெரும்பகுதி. அமெரிக்காவின் மிக விலையுயர்ந்த தெருக்களுக்கு யார் கவுன்சிலர் என்பதை, ஒருவேளை உணவுக்கு வழியற்ற சில ஆயிரம் பேர் முடிவு செய்தார்கள். அந்தப் பசியை விலைக்கு வாங்கத் தெரிந்தவர்கள் கையில் நகரம் போனது.

முதலில் அதைச் செய்து காட்டியவர் மைக்கேல் காஷியஸ் மெக்டானல்ட். 1871ஆம் ஆண்டின் பெருந்தீக்குப் பிறகு நகரம் மீண்டும் எழுந்துகொண்டிருந்த காலத்தில், கிளார்க் தெருவில் பெரிய சூதாட்ட விடுதி நடத்தினார். மேயர் தேர்தல்களில் பணமும் ஆட்களும் தந்தார். பதிலுக்குச் சூதாட்டத்தின் மேல் கை வைக்காத காவல் துறையைப் பெற்றார். அவர் அமைத்த வழியில் வந்தவர்கள் ஜான் காஃப்லினும் மைக்கேல் கென்னாவும். காஃப்லின் ஒரு காலத்தில் குளியல் விடுதியில் உடம்பு பிடித்துவிடும் வேலை செய்தவர். 1892இல் கவுன்சிலர் ஆனார். கென்னா மிகக் குள்ளமானவர், அதிகம் பேசாத மதுக்கடைக்காரர். 1897இல் கவுன்சிலர் ஆனார். அப்போது ஒரு வார்டுக்கு இரண்டு கவுன்சிலர்கள் என்பது முறை. கென்னாவின் மதுக்கடையில் பெரிய குவளையில் பீர் கிடைக்கும், அதனுடன் சாப்பாடு இலவசம். தேர்தல் நாளில் ஒரு வாக்குக்கு 50 சென்ட் என்பது ஊரறிந்த விலை.

அந்த வார்டின் தென்பகுதியில் 'லெவீ' என்ற விபசார விடுதிப் பகுதி இருந்தது. அங்கே தொழில் நடத்திய ஒவ்வொருவரும் மாமூல் கட்டினார்கள். ஆண்டுதோறும் காஃப்லினும் கென்னாவும் நடத்திய 'முதல் வார்டு நடன விழா'வுக்கு விடுதிக்காரர்கள் டிக்கெட் வாங்கியே ஆக வேண்டும். பல்லாயிரம் டாலர் வசூலான அந்த விழாவில் கவுன்சிலர்கள், காவலர்கள், திருடர்கள், விடுதித் தலைவிகள் எல்லோரும் ஒரே கூடத்தில் ஆடினார்கள். பொதுமக்களின் எதிர்ப்பால் 1908க்குப் பிறகு அது நின்றது. இதை வேடிக்கைக் கதையாகச் சொல்லும் வழக்கம் சிகாகோவில் உண்டு. என்னால் அப்படிப் படிக்க முடியவில்லை. அந்த டிக்கெட்டுகளின் பணம், அறைகளில் அடைக்கப்பட்ட பெண்களின் உடம்பிலிருந்து வந்த பணம்.

அந்த வார்டில் வளர்ந்தவர் ஜேம்ஸ் கொலோசிமோ. இத்தாலியின் கலாப்ரியா பகுதியிலிருந்து இளம் வயதில் வந்தவர். தெரு கூட்டும் வேலையில் சேர்ந்து, கூட்டுபவர்களைச் சங்கமாகத் திரட்டி, அவர்களின் வாக்குகளைக் கென்னாவுக்கும் காஃப்லினுக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தார். அதற்குப் பரிசாக ஒரு வாக்குச்சாவடிப் பகுதியின் பொறுப்பும் காவல் துறையிடமிருந்து பாதுகாப்பும் கிடைத்தன. 1902இல் விடுதி நடத்திய ஒரு பெண்ணை மணந்தார், விடுதிகள் பெருகின. சிகாகோவின் பிற்காலக் கும்பல் தலைமை முழுவதும் இந்த மனிதரின் வழியில் வந்ததுதான். அதாவது, அதன் மூதாதை வார்டு அரசியலின் கீழ்மட்டத் தொண்டர்.

தன்னை மிரட்டிப் பணம் பறிக்க வந்தவர்களைச் சமாளிக்க, நியூயார்க்கிலிருந்து ஜானி டோரியோவைக் கொலோசிமோ வரவழைத்தார். 1920 மே 11 அன்று, தன் உணவகத்தின் வாயிற்கூடத்தில் கொலோசிமோ சுட்டுக் கொல்லப்பட்டார். யார் சுட்டார்கள் என்பது நிரூபிக்கப்படவே இல்லை. ஆயிரக்கணக்கானோர் நடந்த அவருடைய இறுதி ஊர்வலத்தில் நீதிபதிகளும் அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினரும் கவுன்சிலர்களும் சவப்பெட்டிக்கு மரியாதை செய்பவர்களாக நின்றார்கள். பிரார்த்தனையை முன்னின்று சொன்னவர் கவுன்சிலர் காஃப்லின்.

அதற்குச் சில மாதங்களுக்கு முன், 1920 ஜனவரி 17 அன்று, நாடு முழுவதும் மதுவிலக்கு நடைமுறைக்கு வந்திருந்தது. மதுவிலக்குதான் குற்றக் கும்பல்களைப் படைத்தது என்று பொதுவாகச் சொல்வார்கள். அது முழு உண்மை அல்ல. சிகாகோவில் கும்பல், காவலர், கவுன்சிலர் என்ற முக்கோணம் முன்பே இருந்தது; மதுவிலக்கு அதற்குள் வெள்ளமாகப் பணத்தைப் பாய்ச்சியது.

இங்கே பீரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். விஸ்கியைச் சிறு படகிலோ காரின் அடியிலோ ஒளித்துக் கடத்தலாம். பீர் அப்படி அல்ல. விலை குறைவு, கன அளவு அதிகம். அதைக் காய்ச்சப் பெரிய ஆலை வேண்டும். அதன் மணம் தெருவெங்கும் வீசும். பீப்பாய்களைக் கொண்டுபோக லாரிகள் வரிசையாகப் போக வேண்டும். ஒளிந்து செய்ய முடியாத தொழில் அது. எனவே பீர் தொழிலின் உண்மையான மூலப்பொருள், கண்ணை மூடிக்கொள்ளும் காவல் நிலையம். யாரிடம் அரசியல் பாதுகாப்பு இருந்ததோ அவருக்கே பீர் சந்தை. டோரியோ இதை மற்ற எவரையும்விடத் தெளிவாகப் புரிந்துகொண்டார். பழைய மதுபான ஆலைக்காரர்களுடன் கூட்டுச் சேர்ந்தார்; கும்பல்களை அழைத்து நகரத்தைப் பகுதி பகுதியாகப் பங்கிட்டுக் கொடுத்தார். மேயர் வில்லியம் ஹேல் தாம்சனின் ஆட்சியில் அந்த ஏற்பாடு சிக்கலின்றி ஓடியது.

1923இல் வில்லியம் டெவர் மேயர் ஆனார். நேர்மையானவர், சட்டம் இருக்கும் வரை அதை நடைமுறைப்படுத்துவேன் என்று இறங்கினார். ஆலைகள் மூடப்பட்டன. விளைவு, கும்பல்களின் பங்கீடு குலைந்து அவர்கள் ஒருவரையொருவர் சுடத் தொடங்கினார்கள். டோரியோ நகர எல்லைக்கு வெளியே இருந்த சிசரோ என்ற ஊருக்குத் தலைமையகத்தை மாற்றினார். 1924 ஏப்ரல் 1 அன்று நடந்த சிசரோ தேர்தலில் துப்பாக்கி ஏந்திய அடியாட்கள் வாக்குச்சாவடிகளைக் கைப்பற்றினார்கள். சிகாகோவிலிருந்து அனுப்பப்பட்ட காவலர்களுடன் நடந்த மோதலில் கபோனின் அண்ணன் ஃபிராங்க் கொல்லப்பட்டார். தேர்தலில் வென்றது கும்பல் ஆதரித்த அணிதான். ஊராட்சி ஒன்றையே முழுமையாக வாங்கிய கதை அது.

டெவர் ஒழுங்காகச் செயல்பட்டதால்தான் கொலைகள் கூடின, எனவே அவரைப் போன்றவர்கள் தேவையில்லை என்று அன்றே சிலர் வாதிட்டார்கள். இந்த வாதத்தை நான் ஏற்கவில்லை. முன்பு இருந்த அமைதி, காவல் துறையை விற்றுப் பெற்ற அமைதி. கடனுக்கு வாங்கியதைத் திருப்பிக் கட்டும் நாள் டெவர் காலத்தில் வந்தது, அவ்வளவே.

அடுத்த ஆண்டுகளின் கொலைகள் பலமுறை சொல்லப்பட்டவை, விரைந்து கடக்கிறேன். வடபகுதிக் கும்பலின் தலைவர் டீன் ஓபேனியன் ஒரு பீர் ஆலையில் தன் பங்கை டோரியோவுக்கு விற்றார். அங்கே காவல் சோதனை வரப்போகிறது என்பதை அவர் முன்கூட்டியே அறிந்திருந்தார். டோரியோ கைதானார். 1924 நவம்பர் 10 அன்று ஓபேனியன் தன் பூக்கடையில் சுடப்பட்டார். 1925 ஜனவரியில் டோரியோ சுடப்பட்டுப் பிழைத்தார். எல்லாவற்றையும் கபோனிடம் ஒப்படைத்துவிட்டு விலகினார். 1929 பிப்ரவரி 14 அன்று வடக்கு கிளார்க் தெரு வாகனக் கொட்டகை ஒன்றில் வடபகுதிக் கும்பலோடு தொடர்புடைய ஏழு பேர் சுவரோரம் நிறுத்திச் சுடப்பட்டார்கள். கொன்றவர்களில் இருவர் காவலர் சீருடையில் வந்தார்கள். சிகாகோவில் சீருடையைக் கண்டால் ஒரு கும்பல்காரன் ஓடமாட்டான், மாமூல் தொடர்பான சோதனைதானே என்று கையைத் தூக்கி நிற்பான் என்பது திட்டமிட்டவர்களுக்குத் தெரிந்திருந்தது. அந்தக் கொலைக்காக யாரும் தண்டிக்கப்படவில்லை.

இவற்றைவிட எனக்கு முக்கியமாகத் தோன்றுபவை இரண்டு மரணங்கள். 1928 ஏப்ரல் 10, கட்சி வேட்பாளர்களைத் தேர்ந்தெடுக்கும் முதற்கட்டத் தேர்தல் நாள். அதற்கு முந்தைய வாரங்களில் எதிரணியினரின் வீடுகளில் குண்டுகள் வெடித்துக்கொண்டிருந்தன. அன்று ஆக்டேவியஸ் கிரனாடி என்ற கறுப்பின வழக்கறிஞர் 20ஆம் வார்டின் கட்சிப் பொறுப்புக்குப் போட்டியிட்டார். அதிகாரத்திலிருந்தவரை எதிர்த்து நின்றார். காரில் துரத்திச் சுட்டுக் கொன்றார்கள். குற்றம் சாட்டப்பட்டவர்களில் காவலர்களும் இருந்தார்கள். யாருக்கும் தண்டனை இல்லை. கபோனைப் பற்றி அறிந்த லட்சக்கணக்கானோரில் கிரனாடியின் பெயரை அறிந்தவர்கள் எத்தனை பேர்? வார்டுப் பதவி என்பது உயிர் வாங்கும் அளவுக்கு மதிப்புள்ள சொத்தாக இருந்தது என்பதற்கு அவர் மரணம் சாட்சி.

இரண்டாவது, ஜேக் லிங்கிள். 'சிகாகோ டிரிப்யூன்' நாளிதழின் குற்றச் செய்தியாளர். 1930 ஜூன் 9 அன்று ரயில் நிலையத்துக்குச் செல்லும் சுரங்கப்பாதையில், பகல் நேரத்தில், தலையில் சுடப்பட்டார். பத்திரிகைச் சுதந்திரத்தின் தியாகி என்று முதலில் எல்லா நாளிதழ்களும் எழுதின. பிறகு கணக்குகள் வெளிவந்தன. வாரம் 65 டாலர் சம்பளக்காரரான அவர், ஆண்டுக்கு ஏறத்தாழ 60,000 டாலர் வருமானத்தில் வாழ்ந்திருந்தார். காவல் துறைத் தலைமைக்கும் கும்பலுக்கும் நடுவே நின்று பதவி உயர்வு முதல் சூதாட்ட அனுமதி வரை பேரம் பேசித் தந்தவர் அவர். அதாவது, வாக்கும் காவலரும் மட்டுமல்ல, செய்தியும் விலைக்குக் கிடைத்தது.

கபோன் எப்படி வீழ்ந்தார் என்பதையும் இந்தக் கோணத்தில்தான் பார்க்க வேண்டும். அவர் மேல் கொலைக் குற்றம் சாட்ட வேண்டியது மாவட்ட அரசு வழக்கறிஞர். அது நடக்காது என்பதை வாஷிங்டன் உணர்ந்தது. சட்டவிரோத வருமானத்துக்கும் வரி உண்டு என்று 1927இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. வருமான வரி அதிகாரி ஃபிராங்க் வில்சன் சூதாட்ட விடுதிக் கணக்கேடுகளைப் பிரித்து, கையெழுத்துகளை ஒப்பிட்டு, கபோனுக்கு வருமானம் இருந்தது என்று நிறுவினார். 1931 அக்டோபரில் வழக்கு விசாரணைக்கு வந்தபோது, ஜூரிகளை விலைக்கு வாங்கும் முயற்சி நடப்பதை அறிந்த நீதிபதி ஜேம்ஸ் வில்கர்சன், கடைசி நேரத்தில் முழு ஜூரிப் பட்டியலையும் வேறு நீதிமன்றத்துடன் மாற்றிக்கொண்டார். 11 ஆண்டுச் சிறை, 50,000 டாலர் அபராதம். எலியட் நெஸ் தலைமையிலான மதுவிலக்கு அதிகாரிகள் ஆலைகளை உடைத்தது உண்மை. ஆனால் அவர்கள் திரட்டிய மதுவிலக்கு வழக்கு விசாரணைக்கே வரவில்லை. கபோனைச் சிறைக்கு அனுப்பியவை கணக்கேடுகள். அந்தத் தீர்ப்பால் ஒரு மனிதர் போனார். உள்ளூர்க் காவல் நிலையமும் நீதிமன்றமும் முன்பிருந்தபடியே இருந்தன.

1933 டிசம்பரில் மதுவிலக்கு நீங்கியது. கும்பல் அழியும் என்று எதிர்பார்த்தவர்கள் ஏமாந்தார்கள். 'அவுட்ஃபிட்' என்று அழைக்கப்பட்ட அது, ஃபிராங்க் நிட்டி, பால் ரிக்கா, டோனி அக்கார்டோ ஆகியோரின் கீழ் சூதாட்டம், கந்துவட்டி, தொழிற்சங்கம் என்று விரிந்தது. நியூயார்க் மாஃபியா குடும்பங்களில் இருந்த, இத்தாலிய வம்சாவளியினருக்கு மட்டும் என்ற கட்டுப்பாடு இங்கே தளர்வாக இருந்தது. வேல்ஸ் நாட்டுப் பெற்றோரின் மகன் முர்ரே ஹம்ஃப்ரீஸ், யூதரான ஜேக் கூசிக், கிரேக்க வம்சாவளியினரான கஸ் அலெக்ஸ் ஆகியோர் கும்பலின் மிக உயர்ந்த இடங்களில் இருந்தார்கள். இவர்கள் செய்த வேலை பெரும்பாலும் ஒன்றே: அதிகாரிகளையும் அரசியல்வாதிகளையும் சரிக்கட்டுவது.

தொழிற்சங்கங்களை அவர்கள் எப்படிச் சூறையாடினார்கள் என்பதற்கு ஹாலிவுட் கதை போதும். 1934இல் ஜார்ஜ் பிரவுன் என்பவரைத் திரைப்பட, நாடகத் தொழிலாளர் சங்கத்தின் தலைவராக்கினார்கள். வில்லி பயாஃப் அவருடைய கையாள். வேலைநிறுத்தம் வேண்டாமென்றால் பெரிய ஸ்டூடியோக்கள் ஆண்டுக்கு 50,000 டாலர், சிறியவை 25,000 டாலர் கட்ட வேண்டும். முதலாளிகளிடம் வாங்கியது போதாதென்று, உறுப்பினர்களின் ஊதியத்திலும் 2 சதவீதம் பிடித்தார்கள். 1941இல் பயாஃபும் பிரவுனும் தண்டிக்கப்பட்டுப் பிறகு அரசுச் சாட்சிகளானார்கள். 1943 மார்ச்சில் குற்றப்பத்திரிகை வந்த நாட்களில் நிட்டி ரயில் பாதையோரம் தன்னைத் தானே சுட்டுக்கொண்டு இறந்தார். ரிக்காவுக்கும் மற்றவர்களுக்கும் 10 ஆண்டுத் தண்டனை. ஆனால் 1947 ஆகஸ்டில், சட்டம் அனுமதித்த மிகக் குறைந்த காலம் முடிந்ததும் பரோலில் வெளியே வந்துவிட்டார்கள். நாடாளுமன்றமே விசாரிக்கும் அளவுக்கு அது ஊழலாக வெடித்தது. 1955இல் பயாஃப், வேறு பெயரில் வாழ்ந்துகொண்டிருந்த அரிசோனாவில், தன் லாரியை இயக்கியபோது குண்டு வெடித்து இறந்தார்.

கும்பலின் வரலாற்றில் மிகக் குறைவாகப் பேசப்படும் பகுதி, என் பார்வையில், தென்பகுதியின் பிரான்ஸ்வில். தென் மாநிலங்களிலிருந்து வந்த கறுப்பின மக்கள் நெருக்கியடித்து வாழ்ந்த பகுதி அது. அங்கே 'பாலிசி' என்ற எண் சூதாட்டம் பரவியிருந்தது. நம் ஊர் மூன்று நம்பர் லாட்டரி போலச் சில சென்ட்டுகள் கட்டி எண்களைத் தேர்ந்தெடுப்பார்கள். நாளுக்குச் சில முறை குலுக்கல் நடக்கும். சட்டவிரோதம்தான், ஏழைகளின் காசை உறிஞ்சியதுதான். ஆயினும் வெள்ளையர் வங்கிகள் கறுப்பினருக்குக் கடன் தராத காலத்தில், அந்தப் பணம் அதே தெருக்களில் புழங்கியது. எட்வர்ட் ஜோன்ஸும் அவருடைய சகோதரர்களும் 47ஆம் தெருவில் பெரிய பல்பொருள் அங்காடி ஒன்றையே நிறுவினார்கள். ஆயிரக்கணக்கானோருக்கு இந்தத் தொழிலில் வேலை கிடைத்தது.

வரி ஏய்ப்புக்காகச் சிறை சென்ற எட்வர்ட் ஜோன்ஸ், அங்கே சாம் ஜியான்கானா என்ற இளைஞரைச் சந்தித்தார். தொழிலில் எவ்வளவு பணம் புரள்கிறது என்பது ஜியான்கானாவுக்குத் தெரிந்துபோனது. 1946 மே மாதம் எட்வர்ட் ஜோன்ஸ் கடத்தப்பட்டார். 100,000 டாலர் கொடுத்து மீட்ட பிறகு, குடும்பத்துடன் மெக்சிகோவுக்குப் போய்விட்டார். பின்வாங்க மறுத்தவர் தியோடர் ரோ. 1951இல் அவரைக் கடத்த வந்தவர்களில் லெனார்ட் கைஃபானோ என்பவர் ரோவின் துப்பாக்கிக்கு இரையானார். 1952 ஆகஸ்ட் 4 அன்று வீட்டருகே பதுங்கியிருந்தவர்கள் ரோவைச் சுட்டுக் கொன்றார்கள். இறுதி ஊர்வலத்தில் ஆயிரக்கணக்கானோர் திரண்டார்கள். பிறகு பாலிசி பணம் பிரான்ஸ்வில்லைவிட்டு வெளியேறி, மேற்குப் புறநகர்களின் மாளிகைகளுக்குப் போனது. கறுப்பினரிடம் ஏற்கெனவே மாமூல் வாங்கிக்கொண்டிருந்த காவலர்கள் இந்தக் கைமாற்றத்தைத் தடுக்கவில்லை. யார் கொடுத்தாலும் மாமூல் மாமூல்தான்.

1950இல் செனட்டர் எஸ்டஸ் கெஃபாவர் தலைமையில் குற்றக் கும்பல்களை விசாரித்த செனட் குழு சிகாகோவுக்கு வந்தது. குழுவுக்குத் தகவல் தரவிருந்த முன்னாள் காவல் அதிகாரி வில்லியம் ட்ரூரி செப்டம்பரில் சுட்டுக் கொல்லப்பட்டார். அரசு வழக்கறிஞர் அலுவலகத்தின் தலைமைப் புலனாய்வாளராக இருந்து, ஷெரிஃப் பதவிக்குப் போட்டியிட்டுக்கொண்டிருந்த டேனியல் கில்பர்ட்டை அந்தக் குழு விசாரித்தது. காவலர் சம்பளத்தில் பெருஞ்செல்வம் எப்படி வந்தது என்ற கேள்விக்கு, பந்தயம் கட்டியும் முதலீடு செய்தும் வென்றதாகச் சொன்னார். தான் கட்டிய பந்தயம் சட்டவிரோதமானது என்பதையும் ஒப்புக்கொண்டார். சாட்சியம் தேர்தலுக்குச் சற்றுமுன் நாளிதழில் வெளியானது. கில்பர்ட் தோற்றார், அவருடன் செனட் பெரும்பான்மைக் கட்சித் தலைவர் ஸ்காட் லூகஸும் தோற்றார். மக்கள் அறிந்தால் தண்டிப்பார்கள் என்பதை அந்தத் தேர்தல் காட்டியது.

பிறகு வந்த பத்தாண்டுகள் அக்கார்டோ, ஜியான்கானா காலம். அக்கார்டோ பின்னிருந்து நடத்த, 1957 முதல் ஜியான்கானா முன்னே நின்றார். பாடகர்களோடும் நடிகைகளோடும் சுற்றினார். கியூபாவின் காஸ்ட்ரோவைக் கொல்ல சி.ஐ.ஏ. இவரைப் போன்றவர்களை நாடியது என்பது பின்னாளில் செனட் விசாரணையில் வெளிவந்தது. அந்த விசாரணைக் காலத்தில்தான், 1975 ஜூன் 19 இரவு, ஓக் பார்க்கில் தன் வீட்டின் கீழ்த்தளத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். விளம்பரத்தை வெறுத்த அக்கார்டோ 1992இல், 86ஆம் வயதில், இயற்கையாக இறந்தார்.

கும்பலின் மிகப் பெரிய கொள்ளை நடந்தது லாஸ் வேகாஸில். அதற்கான மூலதனம் லாரி ஓட்டுநர்களின் ஓய்வுக்காலப் பணம். டீம்ஸ்டர்ஸ் சங்கத்தின் மத்திய மாநிலங்கள் ஓய்வூதிய நிதியிலிருந்து, கும்பல் கைகாட்டிய ஆட்களுக்குக் கடன்கள் போயின. 1974இல் ஸ்டார்டஸ்ட் உள்ளிட்ட சூதாட்ட விடுதிகளை வாங்க 6 கோடி டாலருக்கும் மேல் கடன் தரப்பட்டது. பிறகு எண்ணும் அறையில், கணக்கில் ஏறும் முன்பே, பணத்தை உருவிச் சிகாகோவுக்கும் வேறு நகரங்களுக்கும் அனுப்பினார்கள். நிதியின் கடன்களை நடத்தி வைத்த ஆலன் டார்ஃப்மன், லஞ்ச வழக்கில் தண்டனை அறிவிப்புக்காகக் காத்திருந்தபோது, 1983 ஜனவரியில் கொல்லப்பட்டார். 1986இல் கும்பல் தலைவர் ஜோசப் ஐயூப்பாவும் அவருடைய துணைவர்களும் கன்சாஸ் சிட்டி நீதிமன்றத்தில் தண்டிக்கப்பட்டார்கள். சிகாகோ கும்பலின் தலைமையைச் சாய்த்த வழக்கு சிகாகோவில் நடக்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

சிகாகோ நீதிமன்றத்தின் நிலை என்ன என்பதற்கு ஹாரி ஆலிமன் வழக்கைவிடச் சான்று வேண்டாம். 1972 செப்டம்பரில் வில்லியம் லோகன் என்ற தொழிற்சங்க நிர்வாகி தன் வீட்டு வாசலில் சுட்டுக் கொல்லப்பட்டார். நாயுடன் நடந்துகொண்டிருந்த அண்டை வீட்டுக்காரர் ஒருவர் கொலையாளியின் முகத்தை நேருக்கு நேர் பார்த்தார். ஆலிமன்தான் என்று அடையாளம் காட்டினார். காரை ஓட்டியவரும் சாட்சி சொன்னார். 1977இல் ஜூரி இல்லாமல் வழக்கை விசாரித்த நீதிபதி ஃபிராங்க் வில்சன் (கபோன் வழக்கின் வரி அதிகாரி அல்ல, அதே பெயர் கொண்ட வேறொருவர்) ஆலிமனை விடுதலை செய்தார். அதற்கு விலை 10,000 டாலர். முன்பணம் 2,500, மீதி 7,500 ஓர் உணவகக் கழிவறையில் கைமாறியது. பணத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தவர் ராபர்ட் கூலி என்ற வழக்கறிஞர். ஏற்பாடு செய்தது முதல் வார்டு.

அந்த அண்டை வீட்டுக்காரரை நினைத்துப் பார்க்கிறேன். கும்பலுக்கு எதிராகச் சாட்சி சொல்வது மரணத்தை அழைப்பது என்று தெரிந்தும் நீதிமன்றம் ஏறியவர். அரசு தந்த வாக்குறுதியை நம்பியவர். தீர்ப்பு வந்த நாளில் அவருக்குத் தெரிந்திருக்கும், தான் சாட்சி சொன்னது ஏற்கெனவே விற்கப்பட்ட வழக்கில் என்று.

1986இல் அதே கூலி, தாமாகவே மத்திய அரசு வழக்கறிஞர்களின் அலுவலகத்துக்குள் நடந்து போய், எல்லாவற்றையும் சொல்கிறேன் என்றார். உடம்பில் ஒலிப்பதிவுக் கருவியுடன் பல ஆண்டுகள் முதல் வார்டு மேசையைச் சுற்றி வந்தார். அதற்கு முன்பே 'கிரேலார்டு' என்ற மத்திய அரசின் இரகசியப் புலனாய்வு, சிகாகோ அடங்கிய குக் கவுன்டியின் நீதிமன்றங்களில் 15 நீதிபதிகளை லஞ்சத்துக்காகத் தண்டனைக்கு உள்ளாக்கியிருந்தது. கூலியின் ஒலிப்பதிவுகள் இன்னும் மேலே போயின. கவுன்சிலர் ஃபிரெட் ரோட்டி 1993இல் தண்டிக்கப்பட்டார். நகரமன்ற வாக்கெடுப்பில் முதலில் அழைக்கப்படுவது முதல் வார்டின் பெயர். ரோட்டி எப்படிச் சொல்கிறாரோ அதுவே மற்றவர்களுக்குச் சைகை என்று நகரத்தில் பேசிக்கொண்டார்கள். மார்சி வழக்கு முடியும் முன்பே இறந்தார். கொலை வழக்குகளில் லஞ்சம் வாங்கிய நீதிபதி தாமஸ் மலோனிக்கு 15 ஆண்டுகளுக்கும் மேல் சிறை. விற்ற வழக்குகளை மறைக்க, லஞ்சம் தராதவர்களிடம் அவர் கூடுதல் கடுமை காட்டினார் என்று மரண தண்டனைக் கைதி ஒருவர் முறையிட்டார். அதற்கான ஆதாரங்களைத் தேடிப் பெற அவருக்கு வாய்ப்பளிக்க வேண்டும் என்று 1997இல் உச்ச நீதிமன்றம் சொன்னது.

ஆலிமன் மீண்டும் விசாரிக்கப்பட்டார். ஒரே குற்றத்துக்கு ஒருவரை இருமுறை விசாரிக்கக் கூடாது என்பது அமெரிக்க அரசியலமைப்பின் உறுதி. முதல் விசாரணையில் விலை முன்பே பேசப்பட்டுவிட்டதால் ஆலிமன் தண்டனை பெறும் ஆபத்தில் ஒருபோதும் இருக்கவில்லை, எனவே அதை விசாரணையாகக் கொள்ள முடியாது என்று நீதிமன்றங்கள் முடிவெடுத்தன. 1997இல், கொலை நடந்து 25 ஆண்டுகளுக்குப் பிறகு, அவர் குற்றவாளி என்று ஜூரி சொன்னது. அதற்குள் நீதிபதி வில்சன் தற்கொலை செய்துகொண்டிருந்தார். 1990களின் வார்டு மறுவரையறையில் முதல் வார்டு நகர மையத்தை விட்டே நகர்த்தப்பட்டது. நூறாண்டு பழைய அந்த அரசியல் எல்லை வரைபடத்திலிருந்து போய்விட்டது.

அரசியல் பாதுகாப்பு குறைந்த பிறகுதான் கும்பலுக்குள்ளிருந்து பேச்சு வெளிவரத் தொடங்கியது. 1998இல், தந்தையுடன் ஒரே சிறையில் இருந்த ஃபிராங்க் கலாப்ரீஸ் ஜூனியர், தந்தையை வெளியே வரவிடக் கூடாது என்று எஃப்.பி.ஐ.க்குக் கடிதம் எழுதினார். சிறை முற்றத்தில் தந்தையின் பேச்சைப் பதிவு செய்தார். சித்தப்பா நிக்கோலஸ், 1986ஆம் ஆண்டுக் கொலையொன்றில் கைவிட்டுப்போன இரத்தக்கறைக் கையுறையின் மரபணுச் சோதனையால் சிக்கி, அரசுச் சாட்சியானார். 'குடும்ப இரகசியங்கள்' என்று பெயர் பெற்ற அந்த வழக்கு 18 பழைய கொலைகளை ஒன்றாகக் கொண்டு வந்தது. 2007 செப்டம்பரில் விசாரிக்கப்பட்ட ஐவரையும் குற்றவாளிகள் என்று ஜூரி தீர்ப்பளித்தது. கலாப்ரீஸ் சீனியர், ஜோசப் லம்பார்டோ, ஜேம்ஸ் மார்செல்லோ மூவருக்கும் ஆயுள் தண்டனை. ஐவரில் ஒருவரான ஆன்டனி டாயல், சான்றுப் பொருள்கள் பிரிவில் பணியாற்றிய முன்னாள் சிகாகோ காவலர். அந்தக் கையுறையை எஃப்.பி.ஐ. எடுத்துச் சென்ற செய்தியைச் சிறையிலிருந்த கலாப்ரீஸ் சீனியருக்குச் சொன்னவர் அவரே. நிக்கோலஸ் ஒத்துழைப்பதை வெளியே கசியவிட்ட மத்திய மார்ஷல் (நீதிமன்றக் காவல் அதிகாரி) ஒருவரும் 2009இல் தண்டிக்கப்பட்டார். அந்தக் கடைசிக் காலத்திலும் சீருடைக்குள் அவர்களுக்கு ஆள் இருந்தது.

வழக்குகள் மட்டும் அவுட்ஃபிட்டைச் சுருக்கிவிடவில்லை. இல்லினாய் மாநிலம் 1974இல் லாட்டரி தொடங்கியது. 1990இல் படகுச் சூதாட்ட விடுதிகளை அனுமதித்தது. 2009இல் மதுக்கடைகளில் வீடியோ சூதாட்ட இயந்திரங்களைச் சட்டமாக்கியது. பிரான்ஸ்வில்லில் உயிர் பறித்த எண் சூதாட்டம் இன்று அரசின் வருவாய்க் கணக்கில் இருக்கிறது. எனவே கும்பல் எங்கே நுழைய முயல்கிறது என்ற கவலையும் இடம் மாறியது. 2001இல், ரோஸ்மாண்ட் புறநகருக்கு இடம்பெயர விரும்பிய எமரால்டு சூதாட்ட நிறுவனத்தை மாநிலச் சூதாட்ட வாரியம் தடுத்தது. அதன் பங்குதாரர்களில் கும்பலோடு தொடர்புடையவர்கள் இருப்பதாக வாரியம் சொன்னது. உரிமம் பறிக்கப்பட்டது. பல ஆண்டு வழக்குகளுக்குப் பிறகு அந்த உரிமம் அண்டை ஊரான டெஸ் பிளெய்ன்ஸில் தொடங்கிய வேறொரு நிறுவனத்துக்குப் போனது. அந்த விடுதி 2011இல் திறக்கப்பட்டது.

சிகாகோ குற்ற ஆணையம் என்ற தன்னார்வ அமைப்பு 1919 முதல் கும்பல் கொலைகளைப் பதிவு செய்து வந்தது. அதன் பட்டியலில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் உள்ளன. தண்டனையில் முடிந்தவை மிகச் சொற்பம். குடும்ப இரகசியங்கள் வழக்கின் 18 பேரின் உறவினர்கள் இருபது ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்து நீதிமன்றத்துக்கு வந்தார்கள். மற்றவர்களின் கோப்புகள் பெரும்பாலும் திறந்தபடியே கிடக்கின்றன. அவற்றைத் தொடக்கத்தில் விசாரித்த காவல் நிலையங்களில் சில, அந்த ஆண்டுகளில் யாரிடம் மாமூல் வாங்கின என்பதும் அந்தக் கோப்புகளிலேயே தேட வேண்டிய செய்தி.